பாவித்த ரேசிங் சைக்கிள் டயர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாவித்த டயர் வாங்கலாமா என்று கேட்டால், பின் சக்கரத்துக்குப் பார்த்து வாங்கலாம், முன் சக்கரத்துக்கு வேண்டவே வேண்டாம் என்பதுதான் என் பதில். நுவரெலியா சுமார் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்குப் போனால் ஆயிரம் மீட்டருக்கும் மேல் இறங்குகிறோம். அந்த இறக்கத்தில் பின் டயர் வெடித்தால் சைக்கிள் ஆட்டம் போடும், எப்படியாவது நிறுத்திவிடலாம். முன் டயர் வெடித்தால் ஹேண்டில் நம் கைக்கு அடங்காது. வளைவில் எதிரே பஸ் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

பலர் செய்யும் தவறு, தேய்மானத்தை மட்டும் பார்ப்பது. மோட்டார் சைக்கிள் டயர் பார்த்துப் பழகியவர்கள் கோடு இருக்கிறதா என்று தேடுவார்கள். ரேசிங் டயர் பல புதிதிலேயே வழவழப்பாகத்தான் இருக்கும். நடுப்பகுதி உருண்டையாக இருக்கிறதா, சப்பையாகிவிட்டதா என்று பாருங்கள். சில டயர்களின் நடுவில் ஊசி குத்தியதுபோல் சின்னக் குழிகள் இருக்கும். அவை தேய்ந்து மறைந்திருந்தால் அந்த டயர் முடிந்தது.

அதைவிடப் பெரிய ஆபத்து பக்கவாட்டு ரப்பர். நான் ஹட்டனில் ஒரு டயர் வாங்கினேன். நடுப்பகுதி புதிதுபோல இருந்தது. கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தபோது பின்னால் படார் என்று வெடித்தது. கழற்றிப் பார்த்தால், பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்கு ரப்பருக்கு உள்ளே இருக்கும் நூல் கிழிந்து நிற்கிறது. சுற்றிலும் காய்ந்த வயல் மண்போல மெல்லிய வெடிப்புகள். வாங்கிய அன்று அழுக்கைத் துடைத்திருந்தால் அவை கண்ணில் பட்டிருக்கும். பிரேக் கட்டை உரசி ரிம் சூடாகும்போது டியூபுக்குள் காற்றழுத்தம் கூடும்; பலவீனமான இடம் அப்போதுதான் விட்டுக்கொடுக்கும். டிஸ்க் பிரேக்கில் இந்தச் சூடு ரிம்முக்கு வராது, ஆனாலும் பக்கவாட்டில் வெடிப்பு விழுந்த டயர் ஆபத்துதான்.

அதனால் ரிம்மில் மாட்டியபடி இருக்கும் டயரைப் பார்த்து விலை பேசாதீர்கள். கழற்றச் சொல்லுங்கள். ஈரத்துணியால் துடைத்து, பக்கவாட்டை இரண்டு கட்டைவிரலாலும் வளைத்துக்கொண்டே முழு வட்டமும் சுற்றி வாருங்கள். அப்புறம் உட்புறத்தை வெளியே திருப்பி வெளிச்சத்தில் பிடியுங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும், உள்ளே ஒட்டுப் போட்டிருந்தாலும் விட்டுவிடுங்கள். ரிம்மைக் கவ்வும் ஓரத்தில் கம்பி வெளியே தெரிந்தாலும் அப்படியே.

அளவிலும் பலர் ஏமாறுகிறார்கள். ஜப்பானிலிருந்து வரும் பழைய சைக்கிள்களில் 27 அங்குல டயர் நிறைய உண்டு. அதில் 630 என்று எழுதியிருக்கும்; டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் அது, மில்லிமீட்டரில். 700சி என்று சொல்லும் ரேசிங் டயர் அளவில் 622. வித்தியாசம் 8 மில்லிமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது. 630 டயரை 622 ரிம்மில் போட்டால் தொளதொளவென்று இருக்கும், காற்று ஏற்றும்போதே கழன்று வரும். வாய்வார்த்தையை நம்பாமல் அந்த மூன்று இலக்கத்தை நீங்களே வாசியுங்கள்.

சரி, வாங்கியாகிவிட்டது. உடனே இறக்கத்துக்குப் போக வேண்டாம். டயரில் எழுதியிருக்கும் அளவைத் தாண்டாமல் நன்றாகக் காற்றடித்து ஓர் இரவு வையுங்கள். காலையில் எங்காவது முட்டைபோல் புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. அதைக் கடைத்தெரு வரைகூட ஓட்டாதீர்கள்.