தானிய உணவு உண்ணும் குழந்தைக்குத் துத்தநாகம் சேரச் செய்வது எப்படி?

ஆறு மாதத்திற்குப் பிறகு தாய்ப்பால் மட்டும் குழந்தைக்குத் துத்தநாகம் (ஜிங்க்) என்னும் தாதுச்சத்தின் தேவையை நிறைவு செய்வதில்லை. 7 மாதம் முதல் 3 வயது வரை நாளொன்றுக்குச் சுமார் 3 மில்லிகிராம் தேவைப்படுகிறது. தானியங்களில் இச்சத்து இருந்தாலும், அவற்றின் தவிட்டிலும் முளைக்கருவிலும் உள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் அதைப் பிணைத்துக்கொள்வதால், உண்டதில் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்படாமலே வெளியேறிவிடுகிறது. வயிறு நிறைந்தும் வளர்ச்சி குன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதைப் பெற்றோர் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

இந்தப் பிணைப்பைச் சமையலறையிலேயே தளர்த்த முடியும். தானியத்தையும் பருப்பையும் இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, ஈரத்துணியில் கட்டி வெள்ளை முளை எட்டிப்பார்க்கும் வரை வைத்திருந்தால், தானியத்திலேயே உள்ள ஃபைட்டேஸ் நொதி ஃபைட்டேட்டைச் சிதைக்கத் தொடங்கும். பின்னர் உலர்த்தி, வறுத்து, மாவாக்கிக்கொள்ளலாம். மாவைப் புளிக்கவைப்பதும் இதே பலனைத் தரும்.

வறுக்காத முளைமாவுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு: கெட்டியான கஞ்சி வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒரு சிட்டிகை கலந்தால், சில நிமிடங்களில் அது இளகிவிடும்; தண்ணீர் ஊற்றாமலே குழந்தை எளிதாக விழுங்கும். கலந்தபின் மறுபடி கொதிக்கவைப்பது கட்டாயம்.

மசித்த இறைச்சி, ஈரல், முட்டை ஆகியவற்றைச் சிறிதளவு சேர்ப்பதே மிகவும் பயன்தரும் வழி என்பது என் கருத்து. வயிற்றுப்போக்கின்போது தரப்படும் துத்தநாக மருந்தின் அளவையும் நாட்களையும் மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.