40 மி.மீ. இறக்கினால் எது போகிறது? லோயரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லோயரிங் என்றால் காரின் உயரத்தைக் குறைப்பது. அதற்காக ஸ்பிரிங்கை அறுக்கக் கூடாது, டயர் ஃபெண்டரில் உரசக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அதை விட்டுவிடலாம். நல்ல ஸ்பிரிங் வாங்கி, ஒழுங்காக மாட்டி, அலைன்மென்ட்டும் பார்த்துவிட்டு, "கார் பார்க்க அம்சமா இருக்கு, ஆனா வளைவில் முன்ன மாதிரி நம்பிக்கை வரலை" என்று பட்டறைக்குத் திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம். புதிதாக இதில் கைவைக்கிறவர்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில் ஒரே தவறுகளைச் செய்கிறார்கள்.

மிச்ச டிராவலை அளக்காமல் இறக்குவது

டிராவல் என்றால் சக்கரம் மேலேறக் கிடைக்கும் தூரம். இது ஒன்றுதான் இன்றும் எரிச்சலூட்டுவது. ஐந்து நிமிடம் டேப் பிடித்து அளந்தால் தெரிந்துவிடும் விஷயம்.

1400 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 480 மி.மீ., இடது வலது சக்கரங்களுக்கு இடையே 1550 மி.மீ. 0.9 ஜி திருப்பத்தில், அதாவது கார் தன் எடையில் 0.9 மடங்கு விசையோடு பக்கவாட்டில் தள்ளப்படும்போது, ஒவ்வொரு ஆக்ஸிலிலும் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்குச் சுமார் 195 கிலோ நகர்கிறது. காரை 40 மி.மீ. இறக்கினால் அது 180 கிலோ ஆகும். ஆக, கிடைக்கும் லாபம் 15 கிலோ.

இனி கொடுக்கும் விலை. கம்பெனி உயரத்தில் பம்ப் ஸ்டாப்பை (சக்கரத்தின் ஏற்றத்தைத் தடுக்கும் ரப்பர்) தொடும் வரை சக்கரம் 75 மி.மீ. மேலேறும் என்றால், இப்போது 35 தான் மிச்சம். நகரும் 180 கிலோவில் பாதியை ஆன்டி ரோல் பார் (கார் சாய்வதைத் தடுக்க இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி) தாங்குகிறது என்று வையுங்கள். மீதி 90 கிலோ ஸ்பிரிங் மேல் விழும். சக்கரத்தில் 1 மி.மீ.க்கு 3 கிலோ தாங்கும் ஸ்பிரிங் என்றால் 30 மி.மீ. அமுங்கிவிடும். கையில் இருப்பது 5 மி.மீ. அந்தத் திருப்பத்தின் நடுவில் ஒரு சின்ன மேடு வந்தால் போதும், சக்கரம் பம்ப் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்துவிடும்.

உட்கார்ந்த கணத்திலிருந்து அந்த மூலையில் ஸ்பிரிங் மட்டும் வேலை செய்யவில்லை, ரப்பரும் சேர்ந்து தாங்குகிறது. விறைப்பு திடீரென்று பல மடங்காகிறது. முன்னால் நடந்தால் ஸ்டீயரிங் திருப்பியும் மூக்கு திரும்பாது. பின்னால் நடந்தால் வால் வெளியே பிய்த்துக்கொண்டு போகும். இதைப் பார்த்துவிட்டு டயரைக் குறை சொல்லி, புது டயருக்குக் காசு கொட்டுகிறவர்கள் உண்டு.

அளப்பது எளிது. ஷாக் அப்சார்பரின் (டேம்பர்) ராடில் ஒரு கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி, டேம்பர் உடலோடு ஒட்டத் தள்ளிவிட்டு, வழக்கமாக ஓட்டும் சாலையில் ஓட்டுங்கள். டை எங்கே தள்ளப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தினமும் பம்ப் ஸ்டாப்புக்குள் போய்க்கொண்டிருந்தால் உயரம் தவறு, அல்லது ஸ்பிரிங் மெலிசு.

அதே காரில் 1 மி.மீ.க்கு 5 கிலோ தாங்கும் ஸ்பிரிங் போட்டால், பார் மாறாமலே (180 கிலோவில் ஸ்பிரிங்கின் பங்கு கூடும்), அதே திருப்பத்தில் 22 மி.மீ.தான் அமுங்கும், 12 மி.மீ.க்கு மேல் மிஞ்சும். ஆனால் விறைப்பு மூன்றில் இரண்டு பங்கு ஏறினால் டேம்பிங்கும் (ஷாக் ஆட்டத்தை அடக்கும் திறன்) கிட்டத்தட்ட 30 சதவீதம் ஏற வேண்டும். பழைய ஷாக்கோடு விட்டால் மேட்டைத் தாண்டிய பிறகும் கார் ஆடிக்கொண்டே இருக்கும்.

பம்ப் ஸ்டாப்பை வெட்டி இடம் கண்டுபிடிப்பது அடுத்த குறுக்குவழி. உடல் குட்டையான டேம்பர் போட்டிருந்தால் வெட்டலாம். அப்போதும் கூம்பான மென்மையான முனையை விட்டுவிட்டுத் தட்டையான பக்கத்தில் வெட்ட வேண்டும். பழைய நீள டேம்பரில் வெட்டினால் உள்ளே பிஸ்டன் அடிப்பகுதியில் இடிக்கும். முழுவதும் கழற்றி எறிவது பற்றிப் பேசவே வேண்டாம்.

சக்கரம் தொங்கும்போது புஷ் போல்ட்டை இறுக்குவது

கன்ட்ரோல் ஆர்ம் என்பது சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கை, புஷ் அதன் மூட்டு. அந்த புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியே வார்க்கப்பட்டிருக்கும். அது சுழலாது, முறுக்கிக்கொள்ளும். 350 மி.மீ. நீள ஆர்மில் 40 மி.மீ. இறக்கம் என்றால் ஆறரை டிகிரி நிரந்தர முறுக்கு. லிஃப்டில் தொங்கவிட்டு இறுக்கினால் இன்னும் மோசம். ரப்பர் சீக்கிரமே கிழியும். அதுவரை அதுவே ஒரு கூடுதல் ஸ்பிரிங்காக நின்று உயரத்தையும் பொய்யாகக் காட்டும்.

பலர் கவனிக்காதது இது: ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி, ஆர்ம் போல்ட்டைத் தொடவே இல்லை என்றாலும் முறுக்கு உண்டு. எல்லா போல்ட்டையும் தளர்த்தி, ஹப்புக்கு அடியில் ஜாக் கொடுத்து, வீல் சென்டரிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரையான அளவு புது உயரத்துக்கு வந்த பிறகு டார்க் ரெஞ்சால் (முறுக்குவிசையை அளந்து இறுக்கும் ஸ்பானர்) இறுக்குங்கள்.

இறங்கினால் சாய்வு குறையும் என்று நம்புவது

மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக இருக்கும் அமைப்பு) உள்ள காரில் பெரும்பாலும் நேர்மாறாக நடக்கும். ஆர்மின் வெளிமுனை உள்முனையை விட மேலே போய்விட்டால், ரோல் சென்டர் (கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) ஈர்ப்பு மையத்தை விட வேகமாகக் கீழே இறங்குகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம்தான் காரைச் சாய்க்கும் நெம்புகோல்; அது நீண்டுவிடும். பழைய ஸ்பிரிங் விறைப்பில் கார் முன்பை விட அதிகமாகவே சாயலாம். நீளமான பால் ஜாயின்ட் (ஆர்மின் வெளிமுனை மூட்டு) போட்டு ஆர்மைத் திரும்பக் கிடைமட்டத்துக்குக் கொண்டுவரலாம். டை ராட் (ஸ்டீயரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) முனையையும் அதே அளவு இறக்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்டீயரிங் தானாக இழுக்கும்.

நான்கு ஃபெண்டரும் சமமாகத் தெரியும்படி காயில்ஓவரைத் திருகுவது

காயில்ஓவர் என்பது உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய ஸ்பிரிங், ஷாக் தொகுதி. நான்கு மூலையிலும் உயரம் சமம் என்றால் எடை சமம் என்று ஆகாது. ஓட்டுநர் எடையைச் சீட்டில் வைத்து, ஆன்டி ரோல் பார் லிங்க்கைக் கழற்றிவிட்டு, கார்னர் ஸ்கேலில் (ஒவ்வொரு சக்கரத்தின் எடையையும் தனித்தனியாகக் காட்டும் தராசு) ஏற்றிப் பார்த்துத் திருகுங்கள்.

கேம்பரைக் குறை சொல்வது

டயரின் உள்விளிம்பை வேகமாகத் தின்பது பெரும்பாலும் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) அல்ல, டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்).

அலைன்மென்ட்டை அன்றே முடித்துவிடுவது

ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டரில் இன்னும் கொஞ்சம் உட்காரும். மறுபடி பாருங்கள்.

ஹெட்லைட்

இதையும் லெவல் பார்க்க வேண்டும். உயர சென்சார் உள்ள காரில் அதன் லிங்க்கின் (இணைப்புக் கம்பி) கோணமும் மாறியிருக்கும்.