கடைசி நேரக் கிறிஸ்மஸ்: காசு வீணாகும் இடங்கள்

டிசம்பர் 20 தாண்டியும் வீட்டில் ஒரு வேலையும் தொடங்கவில்லையா? பரவாயில்லை. கடைசி நேரத்தில் கையைக் கடிப்பது விலைவாசி மட்டுமல்ல, நாள் பிடிக்கிற வேலையை அவசரத்தில் இழுத்துப்போட்டுக்கொள்வதும்தான். சரியாக வராத பலகாரத்துக்கு ஒரு செலவு, அதற்குப் பதிலாகக் கடையில் வாங்க இன்னொரு செலவு.

23ஆம் தேதி அதிரசத்துக்கு அரிசி ஊறவைப்பது இப்படிப்பட்ட தவறு. வெல்லப்பாகில் கிளறிய மாவு இரண்டு மூன்று நாளாவது இருக்க வேண்டும். பொறுமையில்லாமல் சுட்டால் எண்ணெயிலேயே பிரிந்துவிடும். மாவும் போச்சு, எண்ணெயும் போச்சு. அதற்குப் பதில் கல்கல் என்கிற சின்னச் சின்ன இனிப்புப் பலகாரம் செய்யுங்கள். மைதா, சர்க்கரை, தேங்காய்ப்பால், கொஞ்சம் நெய் போதும். பிசைந்து அரை மணி நேரம் மூடிவைத்தால் உருட்டத் தொடங்கிவிடலாம். நாகர்கோவில் பக்கத்து முந்திரிக்கொத்தும் ஒரே நாளில் முடிகிற பலகாரம்தான். வறுத்த பாசிப்பயறு, வெல்லம், தேங்காய், எள் என்று செலவும் குறைவு.

அச்சு முறுக்குக்குப் புது அச்சு வாங்கி அன்றைக்கே சுட நினைக்காதீர்கள். புது இரும்பு அச்சைக் கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவிப் பழக்காவிட்டால் மாவு அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும், கழலாது. பக்கத்து வீட்டு அக்காவிடம் பழகிய அச்சு இருக்கும், கேளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது ஒரு தட்டு முறுக்கோடு கொடுத்தால் அடுத்த வருஷமும் கிடைக்கும். சுடும்போது அச்சு எண்ணெயில் நன்றாகக் காய்ந்திருக்கட்டும். மாவில் முக்கால்வாசிதான் முக்க வேண்டும். மேல்பக்கம் மாவு ஏறிவிட்டால் முறுக்கு கழலாது.

பிளம் கேக்குக்கு மாதக்கணக்கில் பழம் ஊறவில்லையே என்று பேக்கரிக்கு ஓடவும் வேண்டாம். திராட்சையையும் டூட்டி ஃப்ரூட்டியையும் ஆரஞ்சுச் சாற்றில் பத்து நிமிடம் மெல்லிய தீயில் சூடாக்கி ஆறவிட்டால் போதும். நீண்ட நாள் ஊறிய ருசி வராது, ஆனாலும் வருகிறவர்கள் இரண்டாவது துண்டு கேட்கிற அளவுக்கு வரும். நிறத்துக்குச் சர்க்கரையைக் கருக்குவோமே, அதில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் பயங்கரமாகத் தெறிக்கும். வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு ஊற்றுங்கள். முழு முந்திரியும் தேவையில்லை. எப்படியும் நறுக்கத்தான் போகிறோம், உடைத்த முந்திரி விலை குறைவு.

அலங்காரத்தில் முதல் தவறு, பரணைப் பார்க்காமல் கடைக்குப் போவது. போன வருஷத்துச் சீரியல் செட்டைச் செருகிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். காகித நட்சத்திரத்துக்குள் பழைய 60 வாட் குண்டு பல்பைப் போடவே கூடாது. அதன் சூட்டில் காகிதம் கருகும், தீயும் பிடிக்கலாம். தினம் 5 மணி நேரம் வீதம் 20 நாள் எரிந்தால் அது 6 யூனிட் தின்னும். 9 வாட் எல்.இ.டி.க்கு 1 யூனிட்கூட ஆகாது. டிசம்பர் மழையை மறந்து நட்சத்திரத்தை வெட்டவெளியில் கட்டினால் ஒரே இரவில் நைந்துவிடும். சன்ஷேடுக்கு அடியில் கட்டுங்கள். கிறிஸ்மஸ் மரத்துக்கு ஒரு சவுக்குக் கிளை போதும்.

இயேசு பிறப்பைக் காட்டும் குடிலில் பசுமை வேண்டுமென்று இப்போது கேழ்வரகு தூவினால் பண்டிகைக்குள் அடர்த்தியாக வளராது. பாசிப்பயறை ஒரு இரவு ஊறவைத்து ஈரத்துணியில் பரப்புங்கள், அது சீக்கிரம் எழும்பும். பனிக்காகப் பஞ்சை விரித்து, பக்கத்திலேயே வைக்கோலும் மெழுகுவர்த்தியுமாக வைப்பது ஆபத்து. அங்கே வெளிச்சத்துக்கு எல்.இ.டி. மட்டும்.

துணி விஷயம் சுருக்கமாக: இந்த நேரத்தில் தையல்காரரிடம் புதுத்துணி கொடுப்பதே தவறு. ரெடிமேட் எடுங்கள், இல்லையென்றால் பெட்டியில் இருக்கும் நல்ல பட்டுச் சேலையை உடுத்துங்கள்.

குடிலில் வைக்கும் சொரூபங்களை முழு செட்டாக வாங்கியாக வேண்டும் என்பதும் இல்லை. மாதா, சூசையப்பர், குழந்தை இயேசு இருந்தால் 24ஆம் தேதி இரவுக்குப் போதும். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் திருநாள் ஜனவரி 6-ஐ ஒட்டித்தானே வருகிறது. அவர்களை அதற்குள் வாங்கிக்கொள்ளலாம்.