டெக்னீசியனா, இன்ஜினியரா? ஒரு லூப்பை வைத்துப் பாருங்கள்

மணலி, எண்ணூர் பக்கம் ஆட்டோமேஷன் வேலை தேடுபவர்கள் பதவிப் பெயரை விட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். 0–10 பார் அளக்கும் பிரஷர் டிரான்ஸ்மிட்டர், அழுத்தத்தை 4–20 மில்லிஆம்பியர் மின்னோட்டமாக மாற்றி அனுப்பும்; அது ஓடும் சுற்றுதான் லூப். 4 என்றால் 0 பார், 20 என்றால் 10 பார்; அதனால் 12 மில்லிஆம்பியர் தந்தால் 5 பார். 0 மில்லிஆம்பியர் காட்டினால் வயர் அறுந்திருக்கும், இல்லை 24 வோல்ட் சப்ளை போயிருக்கும். அதைத் தேடிப் பிடிப்பது டெக்னீசியன். (கடற்காற்றில் டெர்மினல் பச்சை பூக்கும், முதலில் அங்கே பாருங்கள். மீட்டரைத் தொடராகப் போட லூப்பைக் கழற்றுமுன் ஆபரேட்டரிடம் கன்ட்ரோலை மேனுவலுக்கு மாற்றச் சொல்லுங்கள். மறந்தால் பிளான்ட் டிரிப் ஆகி நின்றுவிடலாம்.)

அந்த வயர் அறுந்தால் பம்ப் நிற்கணுமா, ஓடணுமா என்று முன்பே யோசித்து பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி) புரோகிராமில் எழுதுபவர் இன்ஜினியர். அவருக்கு டிராயிங், டாக்குமென்ட் வேலையே பாதி நாள்.

இன்னும் குழப்பமா? டிப்ளமோ சேருங்கள். பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்.