விடுதியின் கொல்லைப்புறத்தைக் கேளுங்கள்: சூழலைக் கெடுக்காத விடுமுறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் கடலோர விடுதி ஒன்றில் மூன்று நாள் தங்கினேன். பெயரிலேயே ‘ஈகோ’ (சூழலுக்கு உகந்தது என்று பொருள்தரும் ‘eco’) இருந்தது. மூங்கில் கதவு, ஓலைக்கூரை, காகிதத்தில் சுற்றிய சோப்பு என்று பார்க்கிற எல்லாமே இயற்கையாக இருந்தன. இரண்டாம் நாள் விடியலில் நடக்கப் போனபோது பிளாஸ்டிக் எரியும் நெடி அடித்தது. பின்பக்கச் சுவருக்கு அப்பால் ஒரு குழியில் முந்தைய நாள் குப்பை புகைந்துகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு குழாய், சமையலறைக் கழிவுநீரை ஓடையில் விட்டுக்கொண்டிருந்தது. அந்த ஓடை போய்ச் சேர்ந்தது நாங்கள் குளித்த அதே கடலில்.

அன்றிலிருந்து எந்த இடத்துக்குப் போவதானாலும் கொல்லைப்புறத்தைப் பற்றித்தான் முதலில் கேட்கிறேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, நாம் கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது? இந்த மூன்று கேள்விகளை எந்த வரிசையில், எப்படிக் கேட்பது என்பதைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: இடத்துக்கு முன்னால் வழியை முடிவு செய்யுங்கள்

நம்மில் பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். அழகான படத்தைப் பார்த்ததும் ஓர் இடம் பிடித்துப்போகிறது. எப்படிப் போவது என்ற யோசனை அப்புறம்தான் வருகிறது. ஆனால் விமானம் ஏறுகிற விடுமுறையில், சூழலுக்கு ஏறும் சுமையில் பெரும்பகுதி அறைக்குள் காலை வைப்பதற்கு முன்பே ஏறிவிடுகிறது. 2019-ல் உலகம் வெளியிட்ட பசுமை இல்ல வாயுக்களில் சுமார் 8.8 சதவீதம் சுற்றுலாவால் வந்தது என்று 2024-ல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. அதில் மற்ற எதையும்விடப் பெரிய பங்கு விமானங்களுடையது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பிரிட்டன் அரசு ஆண்டுதோறும் வெளியிடும் அட்டவணைப்படி, ரயிலில் ஒருவர் ஒரு கிலோமீட்டர் போனால் சுமார் 35 கிராம் கரியமில வாயு வெளியாகிறது. தொலைதூரப் பேருந்தில் அது இன்னும் குறைவு. உள்நாட்டு விமானத்தில், வானத்தில் அது விட்டுச்செல்லும் வெண்கோடுகளின் வெப்ப விளைவையும் சேர்த்தால், 200 கிராமைத் தாண்டுகிறது. 600 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள இடத்துக்குப் போய்த் திரும்ப ரயிலில் 42 கிலோ, விமானத்தில் 240 கிலோவுக்கு மேல். இந்த வித்தியாசத்தை விடுதியில் துண்டைத் துவைக்காமல் விட்டு ஈடுகட்ட முடியாது. பெட்ரோல் கார் கிலோமீட்டருக்கு 160, 170 கிராம் விடும். தனியாக ஓட்டினால் அது முழுக்க உங்கள் கணக்கு. நான்கு பேர் போனால் நான்காகப் பிரியும்.

ஆகவே வரைபடத்தை எடுத்து, ஒரு பகலிலோ ஓர் இரவிலோ ரயிலிலும் பேருந்திலும் எட்டக்கூடிய இடங்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் உங்களுக்கே வியப்பாக இருக்கும். விமானம் தவிர்க்க முடியாதது என்றால், ஆண்டுக்கு மூன்று குட்டிப் பயணங்களை ஒரே நீண்ட பயணமாக்குங்கள். நடுவில் இறங்கி ஏறாத நேரடி விமானமாகப் பாருங்கள். சாதாரண வகுப்பில் போங்கள். அகலமான இருக்கை கூடுதல் இடத்தை அடைப்பதால், அதற்குரிய எரிபொருள் பங்கும் கூடுகிறது. கூகுள் ஃபிளைட்ஸ் போன்ற தேடல் தளங்கள் விமானத்துக்கு விமானம் உமிழ்வு அளவைக் காட்டுகின்றன. கட்டணத்தைப் பார்க்கும்போது அதையும் ஒரு கண் பார்த்துவிடலாம்.

மரம் நட்டு ஈடுசெய்கிறோம் என்று டிக்கெட்டோடு கூடுதல் தொகை கேட்பார்கள். கொடுக்க விரும்பினால் கொடுங்கள். ஆனால் அதை நம்பிப் பயணத்தைக் கூட்டிவிடாதீர்கள்.

படி 2: அந்த இடம் உங்களைத் தாங்குமா என்று பாருங்கள்

பிலிப்பைன்ஸில் போராக்காய் என்று ஒரு சின்னத் தீவு. வெள்ளை மணலுக்குப் பேர்போனது. 2018 ஏப்ரலில் அரசு அதை ஆறு மாதம் முழுமையாக மூடியது. விடுதிகளும் கடைகளும் சுத்திகரிக்காத கழிவுநீரைக் கடலில் விட்டதுதான் முக்கியக் காரணம். அதே ஆண்டு ஜூனில் தாய்லாந்து மாயா விரிகுடாவை மூடியது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கானோர் படகில் வந்து இறங்கியதில் பவளப்பாறைகள் நொறுங்கிப்போயிருந்தன. 2022 ஜனவரியில் திறந்தபோது, படகுகள் விரிகுடாவுக்குள் நுழையக் கூடாது, ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் என்ற விதிகளோடு திறந்தார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத அந்த இடைவெளியில் கருமுனைச் சுறாக்கள் ஆழமில்லாத நீருக்குத் திரும்பி வந்திருந்தன. இதைப் படித்த அன்று எனக்கு மனம் நிறைந்துபோனது. கொஞ்சம் இடம் விட்டால் போதும், உயிர்கள் திரும்பி வருகின்றன.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. போக நினைக்கும் இடத்தின் பெயரோடு ‘தண்ணீர்ப் பஞ்சம்’, ‘கழிவுநீர்’, ‘குப்பைமேடு’ என்ற சொற்களைச் சேர்த்துத் தேடுங்கள். சுற்றுலாப் பக்கங்கள் சொல்லாததை உள்ளூர்ச் செய்திகள் சொல்லும். தினசரி எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கிறதா, முன்பதிவு வேண்டுமா என்று பாருங்கள். வரம்பு வைத்திருக்கும் இடம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கூட்டம் குறைந்த மாதத்தில் போவது நல்லதுதான், ஆனால் அது அங்குள்ள பறவைகளோ ஆமைகளோ இனப்பெருக்கம் செய்யும் காலமா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பெரிய நகரத்துக்குப் போகிறீர்கள் என்றால் இன்னொன்றும் உண்டு. குடியிருப்பு வீடுகளைப் பயணிகளுக்கு விடுவதால், ஊர்க்காரர்களுக்கு வாடகை வீடு கிடைக்காத நிலை பல நகரங்களில் வந்திருக்கிறது. பார்சிலோனா தன் 10,101 சுற்றுலாக் குடியிருப்புகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக 2024-ல் அறிவித்தது. அப்படிப்பட்ட நகரங்களில் நான் உரிமம் உள்ள விடுதியையோ, வீட்டுக்காரர்கள் தாங்களும் வசித்துக்கொண்டு ஓர் அறையை மட்டும் விடும் வீட்டையோதான் தேடுவேன்.

படி 3: பக்கத்தைப் படியுங்கள், பெயரடைகளைத் தள்ளுங்கள்

நான்கைந்து விடுதிகளைப் பட்டியலிட்டுக்கொண்டு அவற்றின் வலைப்பக்கங்களைத் திறங்கள். ‘இயற்கையோடு இணைந்த’, ‘பசுமையான’, ‘சூழல் நேசமிக்க’ போன்ற சொற்களையெல்லாம் மனத்தளவில் அடித்துவிட்டு, மிச்சம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எண், பொருள், செயல் எதுவும் மிஞ்சவில்லை என்றால் அந்தப் பக்கம் உங்களுக்கு எதையும் சொல்லவில்லை. “மழைநீரைச் சேர்க்க இவ்வளவு லிட்டர் தொட்டி வைத்திருக்கிறோம்” என்பது தகவல். “பூமியை நேசிக்கிறோம்” என்பது விளம்பரம்.

இந்த ஏமாற்றுக்கு ‘கிரீன்வாஷிங்’ என்ற பெயர் வந்ததே விடுதித் துண்டுகளால்தான். துண்டை மறுபடி பயன்படுத்திச் சூழலைக் காப்பாற்றுங்கள் என்று விடுதிகள் வைக்கும் அட்டையைப் பற்றி, 1986-ல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் எழுதிய கட்டுரையில் பிறந்த சொல் அது. துவைக்கும் செலவு விடுதிக்கு மிச்சம். வேறு எந்த முயற்சியும் இல்லாமல் நற்பெயர் மட்டும் கிடைத்துவிடும். துண்டை மறுபடி பயன்படுத்துங்கள், நல்லதுதான். அதை மட்டும் சான்றாக ஏற்காதீர்கள்.

படி 4: முத்திரையை யார் கொடுத்தது?

இலைப் படம் போட்ட முத்திரைகள் ஏராளம். சிலவற்றை விடுதியே வரைந்துகொள்கிறது. வெளியிலிருந்து ஆள் வந்து தணிக்கை செய்து, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற முத்திரைதான் பொருட்படுத்தத் தக்கது. 1994-ல் டென்மார்க்கில் தொடங்கிய ‘கிரீன் கீ’, கோஸ்டாரிகா அரசின் சுற்றுலா நிறுவனம் வழங்கும் சான்றிதழ் போன்றவை அப்படிப்பட்டவை. உலக நிலைத்த சுற்றுலா மன்றம் என்ற ஜி.எஸ்.டி.சி. எந்த விடுதிக்கும் நேரடியாகச் சான்று தருவதில்லை. அளவுகோலை வகுத்து, சான்று தரும் அமைப்புகளைச் சரிபார்ப்பதுதான் அதன் வேலை. ஆகவே “ஜி.எஸ்.டி.சி. சான்று பெற்றோம்” என்று ஒரு விடுதி சொன்னால், எந்த அமைப்பு வழியாக என்று கேளுங்கள். பெயர் கிடைத்ததும் அந்த அமைப்பின் தளத்தில் விடுதியைத் தேடி, சான்று காலாவதியாகவில்லை என்று பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

முத்திரை இல்லை என்பதற்காகச் சின்ன விடுதிகளை ஒதுக்கிவிட வேண்டாம். தணிக்கைக்குப் பணம் செலவாகும். நான்கு அறை வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகாது. அவர்களை அறிந்துகொள்ள அடுத்த படி இருக்கிறது.

படி 5: ஒரு கடிதம் எழுதுங்கள்

மொத்தச் செய்முறையிலும் இதுதான் உயிர். புக் செய்வதற்கு முன் விடுதிக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்புங்கள். நான் அனுப்புவது இப்படி இருக்கும்:

“வணக்கம். உங்கள் விடுதியில் நான்கு இரவு தங்க நினைக்கிறோம். அதற்கு முன் சில விவரங்கள் சொன்னால் உதவியாக இருக்கும். கழிவறை, குளியலறைத் தண்ணீர் எங்கே போகிறது? குளிக்கவும் குடிக்கவும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குப்பையைப் பிரிக்கிறீர்களா, யார் எடுத்துப்போகிறார்கள்? வெந்நீர் எதில் சுடுகிறது? பணியாளர்களில் எத்தனை பேர் அந்த ஊர்க்காரர்கள், ஆண்டு முழுக்க வேலை உண்டா? ரயில் நிலையத்திலிருந்து கார் இல்லாமல் வர முடியுமா? நன்றி.”

பதில்களை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன்.

கழிவுநீர்: சுத்திகரித்துத் தோட்டத்துக்கு விடுகிறோம் என்றால் மிக நல்லது. செப்டிக் டேங்க் என்றாலே கெட்டது என்று நினைக்க வேண்டாம். ஒழுங்காகக் கட்டி, கிணற்றிலிருந்து தள்ளி அமைத்து, அவ்வப்போது வண்டி வைத்து அள்ளினால் சின்ன விடுதிக்கு அது போதும். ஆனால் கடலை ஒட்டி, நிலத்தடி நீர் மேலேயே இருக்கும் மணல் தரையில் அது கசியும். அந்தக் கசிவிலுள்ள சத்துகள் பாசியை வளர்த்துப் பவளத்தை மூடிவிடும். கடற்கரை விடுதி என்றால் இந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

தண்ணீர்: வறண்ட இடத்தில் பச்சைப் புல்தரையும் நீச்சல்குளமும் இருந்தால், அந்த நீர் வேறு யாருடைய கிணற்றிலிருந்தோ குறையலாம். கடல்நீரைக் குடிநீராக்குகிறோம் என்றால், அதற்கு நிறைய மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

வெப்பமும் குளிர்ச்சியும்: வெந்நீருக்குச் சோலார் ஹீட்டர் இருக்கிறதா என்பதோடு, அறையில் எதிரெதிர் ஜன்னல், நிழல், மின்விசிறி இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஏசி இல்லாமலே தூங்க முடிகிற அறை, சோலார் தகடு போட்டு இரவெல்லாம் ஏசி ஓட்டும் அறையைவிட மேல்.

இங்கே என் சொந்தக் கருத்து ஒன்று. காட்டை வெட்டிப் புதிதாகக் கட்டிய ‘ஈகோ ரிசார்ட்’டைவிட, ஊருக்குள் பழைய கட்டடத்தைப் பழுதுபார்த்து நடத்தும் விடுதியையே நான் தேர்ந்தெடுப்பேன். சிமென்டும் இரும்பும் உருவாகும்போதே நிறைய கரியமில வாயு வெளியாகிவிடுகிறது. நிற்கிற சுவரைப் பயன்படுத்துவது அந்தக் கணக்கை மிச்சப்படுத்துகிறது. பேருந்து நிறுத்தமும் பக்கத்திலேயே இருக்கும்.

அப்புறம், பதிலின் தொனி. “எல்லாமே நூறு சதவீதம் இயற்கைதான் சார்” என்று ஒரே வரியில் வந்தால் சந்தேகப்படுவேன். “சோலார் இன்னும் போடவில்லை, கேஸ் கீசர்தான். மட்கும் குப்பையை நாங்களே உரமாக்குகிறோம், பிளாஸ்டிக்கை வாரம் ஒருமுறை ஊராட்சி வண்டி எடுக்கிறது” என்று குறையையும் சேர்த்துச் சொல்பவர்களை நம்புவேன். குறை தெரிந்தவர்களுக்குத்தான் அதைச் சரிசெய்யும் எண்ணமும் இருக்கும். பதிலே வரவில்லை என்றால் இன்னொரு முறை கேளுங்கள், அப்புறம் அடுத்த பெயருக்குப் போங்கள்.

பணம் எங்கே போகிறது என்பதும் இதே கடிதத்தில் தெரிந்துவிடும். உரிமையாளரே பதில் எழுதுகிறாரா, ஊர்க்காரர்கள் மேலாளர் நிலையிலும் இருக்கிறார்களா, காய்கறியும் மீனும் அக்கம்பக்கத்தில் வாங்குகிறார்களா என்று கவனியுங்கள்.

படி 6: என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் சரிபாருங்கள்

காட்டு விலங்கைத் தொட, சவாரி செய்ய, கட்டிப்பிடித்துப் படமெடுக்க விடும் இடங்களை முழுதாகத் தவிர்த்துவிடுங்கள். யானை தானாக முதுகைக் கொடுப்பதில்லை; பெரும்பாலும் குட்டியிலேயே தாயிடமிருந்து பிரித்து, அடித்துப் பணியவைத்த பிறகுதான் கொடுக்கிறது. விலங்கு விலகிப் போக நினைத்தால் போக இடமிருக்கும் தூரத்தில் நின்று பார்ப்பதே போதும்.

கடலில் இறங்குகிறீர்களா? சில சன்ஸ்கிரீன் வேதிப்பொருட்கள் பவளத்துக்குத் தீங்கு செய்யலாம் என்ற கவலையால் பலாவ் நாடு 2020-லும் ஹவாய் 2021-லும் அவற்றுக்குத் தடை கொண்டுவந்தன. ஹவாய் தடை செய்தது ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் ஆகிய இரண்டையும். குப்பியின் பின்னால் இந்தப் பெயர்களைத் தேடுங்கள். முழுக்கை நீச்சல் சட்டை போட்டால் பாதி உடம்புக்குக் கிரீமே தேவைப்படாது. பவளத்தின் மேல் கால் ஊன்றாதீர்கள். கல் மாதிரித் தெரிந்தாலும் அது உயிர்.

படி 7: போய் வந்த பிறகு

தங்கும்போது செய்ய வேண்டியவை உங்களுக்கே தெரியும்: தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோவது, வெளியே போகும்போது ஏசியை அணைப்பது, தட்டில் தேவையான அளவே எடுப்பது. ஒரு நாள் காலையில் கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை போய், கடிதத்தில் சொன்னதும் கண்ணில் படுவதும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் உரிமையாளரிடம் தனியாக, மரியாதையாகச் சொல்லுங்கள். பலருக்குத் தங்கள் பின்பக்கத்தில் நடப்பதே தெரிந்திருக்காது.

திரும்பி வந்ததும் மதிப்புரை எழுதுங்கள். ‘அருமையான இடம்’ என்று எழுதுவதோடு நிறுத்தாமல், ரயில் நிலையத்திலிருந்து எந்தப் பேருந்தில் வந்தீர்கள், குடிநீர் நிரப்பும் இடம் இருந்ததா, மின்விசிறி மட்டும் போதுமாக இருந்ததா, குப்பையை எப்படிப் பிரித்தார்கள் என்று எழுதுங்கள். பின்பக்கத்தைப் படமெடுக்க அனுமதித்தார்கள் என்றால் அந்தப் படத்தையும் போடுங்கள். அடுத்து அதே கேள்விகளோடு வருபவர் அந்த நான்கு வரிகளைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.