எண்ணெய் பிரியும் முன் இறக்காதீர்கள்: ஜாவா சம்பல் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவிலுள்ள யோக்யகர்த்தாவில், என் வீட்டுச் சமையலறையில் மாதம் ஒருமுறை நாலைந்து பேருக்குச் சம்பல் என்ற மிளகாய் விழுது செய்யச் சொல்லித் தருகிறேன். போன தடவை வந்த ஒரு பெண் அரைத்த மிளகாயை எண்ணெயில் போட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, "நிறம் அழகாக வந்துவிட்டதே, இறக்கிவிடலாமா?" என்று கேட்டார். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் நினைத்தேன். அன்று போன காசும் உழைப்பும் நினைவுக்கு வர, இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மிளகாய் நறுக்கிய கையால் கண்ணைத் தொடக் கூடாது, முழு மிளகாயைக் கீறாமல் எண்ணெயில் போடக் கூடாது என்பதெல்லாம் ஒருமுறை பட்டால் தானே புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். இன்னொன்று: இலங்கையில் சம்பல் என்றதும் தேங்காய்ப்பூதான் நினைவுக்கு வரும். இங்கே நான் பேசுவது இரண்டு ஜாவா சம்பல்களைப் பற்றி. அன்றன்றைக்குக் கல்லில் அரைத்து உண்ணும் தெராசி சம்பல் ஒன்று. நிறைய எண்ணெயில் சுருளக் கிளறிச் சில நாள் வைத்துக்கொள்ளும் சம்பல் பஜாக் மற்றொன்று.

தெராசியைச் சுடாமல் போடுவது

தெராசி என்பது ரெபோன் என்ற பொடி இறாலை உப்புச் சேர்த்து, வெயிலில் காயவைத்து, இடித்து, புளிக்கவைத்துச் செய்யும் கட்டி. நம் கடற்கரைகளில் கிடைக்கும் சென்னாக்கூனியை நினைத்துக்கொள்ளுங்கள். வடக்கு ஜாவாக் கடற்கரையில் இருக்கும் சிரெபோன் இதற்குப் பெயர் பெற்ற ஊர். பச்சைக் கட்டியின் நாற்றத்துக்குப் பயந்து பலர் கொஞ்சமாகக் கிள்ளி அப்படியே அரைத்துவிடுகிறார்கள். அதனால் வாடை அப்படியே நிற்கும், ருசி வராது. ஒரு தேக்கரண்டி அளவைத் தட்டையாக்கி வாழை இலையில் சுற்றித் தணலில் காட்டுங்கள். அல்லது எண்ணெய் விடாத வாணலியில் இருபுறமும் திருப்பிச் சுடுங்கள். ஈரம் போய், விரலால் நசுக்கினால் பொலபொலவென உதிர வேண்டும். அப்போது வாடை மாறி, வறுத்த கொட்டையின் மணம் போல ஒன்று வரும். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு செய்யுங்கள், ஆனால் இந்த வேலையை விடாதீர்கள்.

வாங்கும்போது பளிச்சென்ற சிவப்பில் இருப்பதை எடுக்க வேண்டாம். ரொடமின் பி என்ற துணிச்சாயம் கலந்த தெராசி இங்குள்ள சந்தைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. நல்ல தெராசி மங்கிய பழுப்பாகத்தான் இருக்கும்.

எண்ணெய் பிரியும் முன் இறக்குவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதைப் பார்க்கும்போதுதான்.

நான் இந்த ஊருக்கு வந்த இரண்டாவது வருடம். நோன்புப் பெருநாளுக்குச் சொந்த ஊர் போகிறவர்கள் கையோடு எடுத்துப் போக, எங்கள் தெருக்காரர்கள் 14 பாட்டில் சம்பல் பஜாக் கேட்டிருந்தார்கள். பெருநாள் நெருங்கினால் மிளகாய் விலை ஏறிவிடும். இருந்தாலும் பெரிங்ஹார்ஜோ சந்தையில் இரண்டரைக் கிலோ மிளகாயும் முக்கால் கிலோ சின்ன வெங்காயமும் வாங்கினேன். மிக்ஸி சுற்றவில்லை என்று ஒவ்வொரு தடவையும் அரை டம்ளர் தண்ணீர் விட்டு மைய அரைத்தேன். இருபது நிமிடம் கிளறினேன். செக்கச்செவேல் என்று இருந்தது. இன்னும் வைத்தால் கறுத்துவிடுமோ என்று பயந்து, இறக்கிச் சூட்டோடு பாட்டிலில் அடைத்து மூடினேன்.

நாலாம் நாள் ஒரு பாட்டில் திரும்பி வந்தது. மூடியைத் திருகியதும் உஸ் என்றது. மேலே நுரை, உள்ளே புளித்த வாடை. வீடு வீடாகப் போய் மற்றவற்றையும் திரும்ப வாங்கிக் கொட்டினேன். இரண்டு பாட்டில் ஏற்கெனவே ரயில் ஏறிப் போயிருந்தன. அவர்களுக்குப் போன் செய்து, தொட வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. எல்லாருடைய காசையும் திருப்பிக் கொடுத்தேன்.

பக்கத்து வீட்டில் ஓர் இபு இருந்தார். வயதில் மூத்த பெண்களை இங்கே அப்படித்தான் அழைப்போம். ஒரு பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தார். விழுதிலிருந்து தண்ணீர் கசிந்து ஓரமாக ஓடியது. "எண்ணெய் எங்கே, நாக்?" என்று மட்டும் கேட்டார். நாக் என்றால் பிள்ளை. மறுநாள் அவரே அரைக் கிலோ மிளகாய் வாங்கி வந்து, என் அடுப்பில் என்னைக் கிளறச் சொல்லி, கடைசி வரை கூடவே நின்றார்.

அன்று புரிந்தது இதுதான். விழுதில் தண்ணீர் இருக்கும் வரை அது எண்ணெயில் வதங்குவதில்லை, தண்ணீரில் வேகிறது. சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றிய பிறகுதான் சூடு ஏறும், வெங்காயத்தின் இனிப்பு வெளியே வரும், பச்சை வாசனை போகும். ஜாவாக்காரர்கள் அந்தப் பச்சை வாசனையை 'லாங்கு' என்பார்கள். மிளகாயின் சிவப்பும் காரமும் எண்ணெயில் கரைபவை. எனவே எண்ணெய் சிவந்து ஓரத்தில் தெளிவாகத் தேங்கினால் சம்பல் ஆகிவிட்டது என்று பொருள். தக்காளித் தொக்கு கிளறத் தெரிந்த எவருக்கும் இது தெரியும். ஆனாலும் வெளிநாட்டுப் பண்டம் என்றதும் அந்தக் கைப்பழக்கத்தை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

காதைக் கொடுங்கள். முதலில் களகளவென்று கொதிக்கும், மேலே தெறிக்கும். தண்ணீர் வற்ற வற்றச் சத்தம் குறைந்து, மெல்லிய பொரியும் ஓசையாக மாறும். கரண்டியால் வாணலியின் நடுவே ஒரு கோடு இழுங்கள். விழுது உடனே கூடி மூடிக்கொண்டால் இன்னும் ஆகவில்லை. கோடு அப்படியே நின்று அதில் சிவந்த எண்ணெய் மட்டும் ஊறி வந்தால் சரி. ஒரு கிலோ மிளகாய்க்கு, சிறு தீயில், என் அடுப்பில் 50 நிமிடத்துக்குக் குறைந்து இது நடந்ததில்லை. நிறம் கறுக்கத்தான் செய்யும். பஜாக்கின் நிறமே அடர்ந்த செம்பழுப்புதான்.

அரைக்கும்போது தண்ணீருக்குப் பதில் எண்ணெய் விடுங்கள். கழுவிய மிளகாயைத் துணியில் பரப்பி உலர்த்துங்கள். எண்ணெயில் கஞ்சத்தனம் பார்த்தால் அடி பிடிக்கும். ஒரு கிலோ மிளகாய்க்கு 300 மில்லி எண்ணெய் விட்டுச் செய்துவிட்டு, கூடுதலானதை வடித்து அடுத்த நாள் சோறு கிளற வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க ஆறிய பிறகே பாட்டிலை மூடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் முத்து முத்தாகத் திரண்டு, நீங்கள் 50 நிமிடம் நின்று விரட்டிய தண்ணீர் மறுபடி உள்ளேயே விழும். எண்ணெய் பிரிந்த சம்பலாக இருந்தாலும் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

கல்லில் இடிப்பது

சோபெக் என்பது தட்டையான கல் தட்டு. உலெக்கான் அதற்கான குழவி, பிடி வளைந்திருக்கும். உரல் என்று நினைத்து ஓங்கி இடித்தால் மிளகாய் விதை சுவரெங்கும் தெறிக்கும். அம்மியில் போலத் தேய்த்து இழுக்க வேண்டும், மணிக்கட்டுதான் வேலை செய்யும். முதலில் உப்பும் பூண்டும், பிறகு மிளகாய், வெங்காயம், சுட்ட தெராசி, தென்னை வெல்லம். தக்காளி கடைசியில்தான். அது முதலிலேயே விழுந்தால் எல்லாம் வழுக்கும், எதுவும் அரைபடாது.

சிமென்ட் கல் வாங்குவது

எரிமலைக் கல்லில் செதுக்கிய சோபெக்தான் நல்லது. இங்கிருந்து வடக்கே, மெராபி மலையடிவாரத்தில் உள்ள முந்திலான் கல் வேலைக்குப் பெயர் பெற்றது. மலிவாகக் கிடைக்கிறதே என்று சிமென்டில் வார்த்ததை வாங்கினால், சம்பலோடு மணலும் வயிற்றுக்குள் போகும். உண்மையான கல்லையும் அப்படியே பயன்படுத்தாதீர்கள். ஊறிய அரிசியையும் தேங்காய்த் துருவலையும் மாற்றி மாற்றி அரைத்துக் கொட்டுங்கள். அரைத்தது கருமை இல்லாமல் வெள்ளையாக வரும்வரை இதைச் செய்ய வேண்டும். எனக்கு ஐந்து தடவை ஆனது.

காய்ந்த மிளகாயில் தெராசி சம்பல் செய்வது

வேண்டாம். சாறுள்ள சிவப்பு மிளகாய்தான் வேண்டும். சுருண்ட நீள மிளகாயான கெரித்திங் விழுதுக்குக் கனம் கொடுக்கும், குட்டி ராவிட் காரம் கொடுக்கும். முழுக்க ராவிட் போட்டால் நாக்கு மரத்துப்போய் வேறு ருசியே தெரியாது. பத்து கெரித்திங்குக்கு நாலு ராவிட் என்பது என் கணக்கு. ஓர் ஒற்றுமை எனக்கு எப்போதும் பிடிக்கும்: மிளகாய் வந்தபோது நாம் மிளகின் பெயரை அதற்குக் கொடுத்தோம். ஜாவாக்காரர்கள் தங்கள் ஊர்த் திப்பிலியின் பழைய பெயரான 'சப்யா'வைக் கொடுத்தார்கள். இன்றைய 'சபே' அதிலிருந்து வந்ததுதான்.

சலாம் இலைக்குப் பதில் பிரிஞ்சி இலை

சலாம் என்பது இங்கே சமையலில் மணத்துக்குப் போடும் இலை. இரண்டும் வேறு மரம், வேறு மணம். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

கெமிரிக் கொட்டையைப் பச்சையாகச் சேர்ப்பது

கெமிரி என்பது ஆங்கிலத்தில் கேண்டில்நட் எனப்படும் எண்ணெய்ப் பசையுள்ள கொட்டை. வறுக்காமல் தின்றால் வயிற்றைக் கலக்கும். வறுத்த பிறகே அரைக்க வேண்டும்.

சம்பல் மத்தாவைப் பாட்டிலில் அடைப்பது

பாலித் தீவின் இந்தச் சம்பல் வெங்காயம், எலுமிச்சைப்புல், மிளகாயை நறுக்கிச் சூடான தேங்காயெண்ணெய் ஊற்றிச் செய்வது. எல்லாம் பச்சை. எண்ணெய்க்கடியில் காற்றில்லாமல் நாள்கணக்கில் கிடந்தால் போட்டுலிசம் என்ற ஆபத்தான உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு. அன்றே சாப்பிட்டு முடியுங்கள்.

அடுப்பில் இருக்கும்போதே எலுமிச்சை பிழிவது

ஜெருக் லிமாவ் என்ற குட்டி எலுமிச்சையின் மணம் தோலில் இருக்கிறது. சூட்டில் அது நிற்காது. சோறு பரிமாறிய பிறகு, கல்லில் இருக்கும் தெராசி சம்பலின் மேல் அரை மூடி பிழிந்து, அந்தத் தோலையே விழுதில் இரண்டு சுற்றுத் தேய்த்துவிட்டு எடுத்துப் போடுங்கள்.