விஇஜிஎஃப் ஜீனை அடக்கப் போகிறீர்களா? முதலில் கன்ட்ரோலை முடிவு செய்யுங்கள்

விஇஜிஎஃப் என்பது புதிய ரத்தக்குழாய்களை வளரச் செய்யும் புரதம். அதன் ஜீனை அடக்க எங்கள் லேபுக்கு வரும் மாணவர்கள் எந்த எஸ்ஐஆர்என்ஏ (குறிப்பிட்ட ஜீனை அடக்கும் சிறு ஆர்என்ஏ துண்டு) வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். கன்ட்ரோலாக, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க, எதை வைக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். 21 எழுத்தோ அதற்கு மேலோ நீளமுள்ள எஸ்ஐஆர்என்ஏவை வெறுமனே செலுத்தினால், அதன் வரிசை எதுவானாலும், டிஎல்ஆர்3 என்ற நோயெதிர்ப்பு ஏற்பியைத் தூண்டி ரத்தக்குழாய் வளர்ச்சியைக் குறைத்துவிடும். ஜெயகிருஷ்ண அம்பாட்டியின் குழு 2008-இல் எலியின் கண்ணில் இதைக் காட்டியது. ஆகவே, எந்த ஜீனையும் தொடாத, அதே நீளமுள்ள எஸ்ஐஆர்என்ஏ ஒன்று கட்டாயம் வேண்டும். விஇஜிஎஃப்-ஏவுக்கு (விஇஜிஎஃப் குடும்பத்தின் முக்கியப் புரதம்) எதிராக வெவ்வேறு வரிசையில் இரண்டு எஸ்ஐஆர்என்ஏ வையுங்கள். எதுவுமே போடாத கிணறு (தட்டில் செல் வளரும் குழி) ஒன்று, எஸ்ஐஆர்என்ஏவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் லிப்பிட் மட்டும் போட்டது ஒன்று.

செல்லுக்கு எம்டிஏ-எம்பி-231 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல் நல்ல தேர்வு. விஇஜிஎஃப்பைத் தாராளமாகச் சுரக்கும். செல்கள் தட்டில் பாதி நிறைந்ததும் எஸ்ஐஆர்என்ஏவை 10 நானோமோலார் செறிவில் ஆரம்பியுங்கள். 48 மணி நேரத்தில் ஆர்என்ஏ எடுத்து, அதன் அளவைக் காட்டும் கியூபிசிஆர் பார்த்துவிடலாம்.

அதோடு நிறுத்தாதீர்கள். விஇஜிஎஃப் செல்லுக்கு வெளியே போய் வேலை செய்யும் புரதம். சீரம் இல்லாத மீடியத்துக்கு (செல் வளர்க்கும் திரவம்) மாற்றி, ஒரு நாள் கழித்து அந்த மீடியத்தை எடுத்து, புரத அளவைக் காட்டும் எலைசா செய்யுங்கள். அப்போதே செல்களையும் எண்ணி, விஇஜிஎஃப் அளவைச் செல் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். செல்கள் செத்திருந்தாலும் விஇஜிஎஃப் குறையும். அது ஜீன் அடங்கியதற்குச் சாட்சி ஆகாது.

அப்புறம், ரத்தக்குழாய்ச் செல்கள் குழாய் போலச் சேர்கின்றனவா என்று பார்க்கும் சோதனை. மேட்ரிஜெலை (செல்களைத் தாங்கும் புரத ஜெல்) முந்தின இரவே ஃபிரிட்ஜில், ஐஸ் மேல் வைத்து உருகவிடுங்கள். டிப்பும் தட்டும் குளிர்ந்திருக்கட்டும், இல்லாவிட்டால் பைப்பெட்டிலேயே உறைந்துவிடும். 96 கிணற்றுத் தட்டில் 50 மைக்ரோலிட்டர் போட்டு, 37 டிகிரியில் அரைமணி விட்டு, சேகரித்த மீடியத்தில் கலந்த ஹுவெக் செல்களை (தொப்புள்கொடி ரத்தக்குழாயின் செல்கள்) விடுங்கள். நாலு மணி நேரத்திலிருந்தே படமெடுக்கலாம். மறுநாள் வரை காத்திருந்தால் குழாய்கள் தானாகவே உடையத் தொடங்கும். கிளைகளை எண்ணுபவருக்கு எந்தக் கிணறு எது என்று தெரியக்கூடாது.

குழாய் குறைந்துவிட்டால் உடனே சிகிச்சை என்று எழுதிவிடாதீர்கள், நோயாளியின் வீட்டார் அதை நம்பிப் படிப்பார்கள். இதே புரதத்தைத் தடுக்கும் பெவாசிசுமாப், பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் 2008-இல் பெற்ற அனுமதியை 2011-இல் இழந்தது. ஆயுளை நீட்டியதாக ஆதாரம் கிடைக்கவில்லை.

கடைசியாக, ஜீன் அடங்கிய செல்களின் மீடியத்தில் ரீகாம்பினன்ட் விஇஜிஎஃப்-165 (லேபில் தயாரித்த விஇஜிஎஃப்-ஏ வடிவம்) சேர்த்து இன்னொரு கிணறு போடுங்கள். குழாய்கள் திரும்ப வந்தால், அவை முன்பு குறைந்ததற்கு விஇஜிஎஃப் குறைந்ததுதான் காரணம். வராவிட்டால் டிஎல்ஆர்3 பக்கம் தேடுங்கள்.